மாடித்தோட்டக் குழு: செம்பருத்தியில் மாவுப்பூச்சி

செல்வி: வணக்கம். எங்கள் செம்பருத்தியில் கொழுந்தெல்லாம் மாவுப்பூச்சி. மொட்டு விரியாமலே உதிர்கிறது. கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், சாயங்காலம் அடிக்கலாமா?

(3 படங்கள்)

ராமசாமி ஐயா: மருந்தைத் திறக்காதேம்மா. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். கணுவுக்குக் கீழே நூல் நூலாக வெள்ளை முடியோடு ஒன்று இருக்கிறதே, அது மாவுப்பூச்சி இல்லை.

செல்வி: இருப்பதிலேயே பெரியது அதுதானே ஐயா?

ராமசாமி ஐயா: ஈர்க்குச்சியால் லேசாகத் தொடு. மாவுப்பூச்சி அசைவதே தெரியாது. இது விறுவிறுவென்று நகரும்.

செல்வி: ஓடுதுங்க ஐயா!

ராமசாமி ஐயா: பொறிவண்டின் புழு அது. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலிய இனம். வண்டானதும் கறுப்பாக இருக்கும், தலையும் பின்நுனியும் செம்மஞ்சள். புள்ளி கிடையாது. புழுவும் வண்டும் மாவுப்பூச்சியைத் தின்னும், பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டையையும் விடாது.

கவிதா: அப்படியிருந்தும் ஏன் பூச்சி குறையவில்லை மாமா?

ராமசாமி ஐயா: செல்வி, செடியில் எறும்பு ஏறுகிறதா?

செல்வி: சுவரிலிருந்து வரிசையாக ஏறுகிறது.

ராமசாமி ஐயா: அதுதான் விஷயம். மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பொறிவண்டு, குளவி எது வந்தாலும் விரட்டும். தொட்டியைச் சுவரை விட்டு நகர்த்து. கிளை கொடிக்கயிற்றில்கூடப் படக்கூடாது. தண்டில் துணியைச் சுற்றி, அதன்மேல் வாசலின் தடவிவிடு.

பிரபு: வேப்பெண்ணெய் அடிக்கலாமா ஐயா? இயற்கைதானே?

ராமசாமி ஐயா: இப்போது வேண்டாம் தம்பி. சோப்பும் எண்ணெயும் மேலே பட்டால் இந்தப் புழுவுக்கும் ஆபத்துதான். புழு இல்லாத கிளையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும்.

கவிதா: முன்பு பப்பாளியில் வந்ததே, அதுவும் இப்படித்தானே அடங்கியது?

ராமசாமி ஐயா: அது வேறு மாவுப்பூச்சி. இந்தியாவில் 2008இல் முதலில் நம் கோயம்புத்தூரில்தான் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. விவசாயிகள் மருந்து அடித்தே ஓய்ந்துபோனார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். ஊன்றிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்றுவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும். அதற்குப் பிறகுதான் பப்பாளி பிழைத்தது. எனக்கு இன்றும் அந்தக் குளவி மேல் தனி மரியாதை.

கவிதா: நான் கத்தரித் தொட்டிக்குப் பக்கத்தில் தட்டைப்பயறு போடுவேன் செல்வி. அதில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப்பூச்சி வரும், அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும், அப்புறம் கத்தரிப் பக்கமும் போகும். கொத்தமல்லியையும் கொஞ்சம் பூக்கவிடு, குளவிக்குத் தேன் வேண்டுமே.

செல்வி: சரிக்கா. மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பிரபு, தொட்டியை நகர்த்த சாயங்காலம் வருகிறாயா?

பிரபு: வருகிறேன் அக்கா. எங்கள் கொய்யாவிலும் மாவுப்பூச்சி இருக்கிறது, இரண்டு புழு எடுத்துக்கொள்ளட்டுமா?

ராமசாமி ஐயா: கையால் பிடிக்காதே, இலையோடு கிள்ளி எடுத்துப் போ. கொய்யாவில் எறும்பை நிறுத்திய பிறகு விடு.