உங்க வார்டு கவுன்சிலர் ஏரியா தகவல் அனுப்புறாங்களா? நேர்ல பாத்துப் பேசின அனுபவம் இருந்தா சொல்லுங்க

தெருமுனை:
சென்னை தெற்குப் பக்கம் இருக்கேன், வார்டு நம்பர் வேண்டாம். 2022 பிப்ரவரி தேர்தல்ல ஜெயிச்சு வந்த கவுன்சிலர் அக்கா தெருவாரியா வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாங்க, ஆரம்பத்துல பூமி பூஜை போட்டோ, சால்வை போட்டோ, தலைவர் பிறந்தநாள் வாழ்த்து இதான் வந்துட்டிருந்துச்சு, எங்க தெருவுல பாதிப் பேர் ம்யூட்ல வெச்சிருந்தாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பதான் அந்த குரூப்போட அருமை தெரிஞ்சுது. கரன்ட் இல்ல, சிக்னல் விட்டு விட்டு வருது, அந்த நேரத்துல அக்கா போட்ட மெசேஜ்ல ஒரு போட்டோ கூட இல்ல. எந்தத் தெருவுல முட்டியளவு எந்தத் தெருவுல இடுப்பளவு, மோட்டார் பம்ப் எங்க நிக்குது, எந்த ஸ்கூல்ல சாப்பாடு, எந்த லைன்ல கரன்ட்டை வேணும்னே ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க, ஏன்னா பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு, இப்படி வந்துக்கிட்டே இருந்துச்சு. மாடியில மாட்டிக்கிட்ட ஒரு பாட்டிக்கு மாத்திரை வேணும்னு யாரோ போட, அடுத்த தெருப் பசங்க தண்ணியில இறங்கிப் போய்க் குடுத்துட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் அவங்க தகவல் அனுப்புற விதமே மாறிடுச்சு. வாராவாரம் ஒரு மெசேஜ், ஒவ்வொரு தெருவுக்கும் மூணே விஷயம்: என்ன வேலை, யார் செய்யணும், இப்ப எங்க நிக்குது. “வடிகால், கார்ப்பரேஷன், டெண்டர் முடிஞ்சுது ஒர்க் ஆர்டர் இன்னும் வரல”, “கழிவுநீர் அடைப்பு, மெட்ரோ வாட்டர் டெப்போ, ஜெட் ராடிங் வண்டி வியாழக்கிழமை” இப்படி. முடியாததை முடியலைன்னே போட்டுடுவாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பெரிய விஷயமாத் தெரிஞ்சுது, ஏன்னா முடிச்ச வேலையை எல்லாருமே சொல்லுவாங்க, பாக்கி இருக்கறதைப் பொதுவுல எழுதிப் போடுறதுக்கு தைரியம் வேணும்.

நேர்ல பாத்தது ஒரு தெருவிளக்கு விஷயமா. ஆபீஸ்ல கூட்டம், நான் வாயால சொல்ல ஆரம்பிச்சதும், “தம்பி, மாநகராட்சி புகார் நம்பர் 1913-ல கம்ப்ளைன்ட் போட்டுட்டீங்களா”ன்னு கேட்டாங்க. நேரா உங்ககிட்டயே வந்துட்டேன் மேடம்னேன். “நீங்க வாயால சொன்னா நானும் ஏஈ-கிட்ட, அதான் உதவிப் பொறியாளர்கிட்ட, வாயாலதான் சொல்லணும், அவர் சரிங்க மேடம்னு சொல்லிட்டுப் போயிடுவார். நம்பர் இருந்தா அந்த நம்பர் ஏன் இன்னும் மூடலன்னு என்னால கேக்க முடியும்”னாங்க. அங்கயே நின்னு மாநகராட்சியோட ‘நம்ம சென்னை’ ஆப்ல போட்டு நம்பரைக் குடுத்தேன், நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அந்த வாரமே லைட் எரிஞ்சுது. இது மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தா எழுதுங்க, சரியில்லாத அனுபவம் இருந்தாலும் எழுதுங்க, ஆனா யார் பேரும் வேண்டாம்.

மாடிவீட்டம்மா:
எங்க கவுன்சிலர் சார் போடுறதுல எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கறது சொத்து வரி ஞாபகப்படுத்தறதுதான். ஏப்ரல் 30, அக்டோபர் 31, இந்த ரெண்டு தேதிக்குள்ள அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினா 5 சதவீதம் குறையும், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரைக்கும். நாலு நாள் முன்னாடியே மெசேஜ் வந்துடும், எங்க தெருவுல வயசானவங்க நிறைய பேர், அதைப் பாத்துட்டுதான் பிள்ளைங்களுக்கு போன் பண்ணி கட்டச் சொல்றாங்க.

இன்னொன்னு சொல்லணும். 2016-ல பழைய கவுன்சில் முடிஞ்சதுக்கப்புறம் 2022 வரைக்கும் சென்னையில கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்கதான் பாத்துக்கிட்டாங்க. அந்த வருஷங்கள்ல தண்ணி லாரி வரலன்னாலும் குப்பை எடுக்கலன்னாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டறதுன்னே தெரியாது. அதனால இப்ப யாராவது “கவுன்சிலர் என்னத்தக் கிழிச்சாங்க”ன்னு பேசினா எனக்கு மனசு ஆறாது. திட்டுறதுக்காவது நம்ம ஏரியாவுல ஓட்டு வாங்கின ஒரு ஆள் இருக்கணும்மா.

நைட்ஷிப்ட்:
எனக்கு அனுபவம் வேற மாதிரி. எங்க வார்டு பெண்களுக்கு ஒதுக்கினது. குரூப்ல அட்மின் மட்டும்தான் பேச முடியும், அந்த அட்மின் கவுன்சிலரோட வீட்டுக்காரர். போன் பண்ணா அவர்தான் எடுப்பார், ஆபீஸ் போனா அவர்தான் உக்காந்திருப்பார், மேடம் எங்கன்னா “என்கிட்டயே சொல்லுங்க, ஒண்ணுதான்”பார். தமிழ்நாட்டுல உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-லயே சட்டத்திருத்தம் வந்தாச்சு, அந்த நாற்காலிக்கு அர்த்தமே அவங்க அதுல உக்காரணும்னுதானே.

அப்புறம் ஏரியா சபைக் கூட்டம் ஒண்ணு நடந்துச்சு, கம்யூனிட்டி ஹால்ல. அன்னிக்கு மேடமே மைக் பிடிச்சாங்க. சத்தியமா சொல்றேன், ஒவ்வொரு தெருவுலயும் எந்த வீட்டு முன்னாடி மேன்ஹோல் மூடி உடைஞ்சிருக்குன்னு வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. ரேஷன் கடைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட பேசிப் பேசியே தெரிஞ்சுக்கிட்டாங்களாம். கூட்டம் முடிஞ்சதும் நாங்க நாலஞ்சு பேர் போய், மேடம் நீங்களே குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போடுங்க, எழுத நேரம் இல்லன்னாலும் பரவால்லன்னு கேட்டோம். இப்ப போடுறாங்க. வீட்டுக்காரர் இன்னும் பக்கத்துலதான் இருக்கார், ஆனா முன்னாடி மாதிரி இல்ல.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
ஒரு மாநகராட்சியில ரொம்ப வருஷம் வேலை பாத்தவன், கவுன்சிலர்கள் பலரைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். தெருமுனை தம்பி சொன்ன அந்த “யார் செய்யணும்”ங்கறதுதான் மொத்த விஷயமே. ஜனங்க கண்ணுக்கு ரோடு ஒண்ணுதான். ஆனா சென்னையில பஸ் போற ரோட்டுக்கு மாநகராட்சியிலயே தனிப் பிரிவு, உள் தெருக்களை மண்டலம் பாக்கும், சில பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது, அதே ரோட்டுக்கு அடியில ஓடுற குடிதண்ணியும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், மழைநீர் வடிகால் மறுபடி மாநகராட்சி, மின்சார கேபிள் மின்வாரியம். ஒரே பள்ளத்துக்கு நாலு ஆபீஸ். கவுன்சிலர் நேரா உத்தரவு போட்டு நடக்கறது இதுல ரொம்பக் கம்மி, ஆனா நாலு ஆபீசையும் கேள்வி கேக்கற ஒரே ஆள் அவர்தான்.

வார்டு மேம்பாட்டு நிதின்னு ஒண்ணு இருக்கு, சென்னையில 2025-26 பட்ஜெட்ல ஒரு வார்டுக்கு 60 லட்சம் ஆக்கினாங்க. கேக்கப் பெருசு. ஒரு பார்க் ரிப்பேர், ரெண்டு தெரு, அங்கன்வாடிக்கு கழிப்பறைன்னு ஆரம்பிச்சாலே கரைஞ்சிடும். அதுவும் கவுன்சிலர் கையில வர்ற பணம் இல்ல, அவர் வேலையைச் சொல்லுவார், எஸ்டிமேட் போட்டு டெண்டர் விட்டு வேலையைச் செய்யறது அதிகாரிங்கதான். அவங்களுக்குன்னு வர்றது 2023 ஜூலையிலேர்ந்து மாசம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதுக்கு முன்னாடி மாநகராட்சி கவுன்சிலருக்கு மாசச் சம்பளம் மாதிரி எதுவுமே இல்லாம இருந்துச்சு.

அதனால ஏரியா தகவல் போடுற கவுன்சிலர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது “எப்ப ரோடு போடுவீங்க” இல்ல. எஸ்டிமேட் ஆயிடுச்சா, டெண்டர் ஆயிடுச்சா, ஒர்க் ஆர்டர் தேதி என்ன, எந்த ஏஈ பாக்கறார், இதைக் கேளுங்க, பதில் தானா வரும். முக்கியமா, குழாய் வேலையும் கேபிள் வேலையும் முடிஞ்சுதான்னு கேட்டுட்டு அப்புறம் ரோடு போடச் சொல்லுங்க, இல்லன்னா புது ரோட்டை அடுத்த மாசமே வெட்டுவாங்க, மழைக்காலம் வந்துட்டா ரோடு வெட்டறதையும் நிறுத்திடுவாங்க, அப்ப பாதி வேலையோட நிக்கும்.

மில்லிங் பத்தியும் சொல்லிடறேன். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும், ரோட்டு மட்டம் உயரக் கூடாதுன்னு 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு சார் எல்லாத் துறைக்கும் எழுதினார். வீடெல்லாம் பள்ளத்துக்குள்ள போய் மழைத்தண்ணி வாசல் ஏறுறது இதனாலதான். எங்க தெருவுல ஒரு காண்ட்ராக்டர் சுரண்டாமலே தார் ஊத்த வந்தான். குரூப்ல ஒரு பொண்ணு போட்டோ போட்டுச்சு, கவுன்சிலர் பத்து நிமிஷத்துல வண்டியை நிறுத்தி லோடைத் திருப்பி அனுப்பினார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நான் வேலையில இருந்த காலத்துல அந்த நேரத்துக்கு எங்களுக்குத் தகவலே வந்து சேராது.

நொய்யல்கரை:
கோயமுத்தூருங்க. இங்க 100 வார்டு. எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க, தண்ணி எந்தக் கெழமை எத்தனை மணிக்கு வரும். முன்னாடி பகல் முழுக்கக் கொடத்தோட காத்திருப்போம், வேலைக்குப் போறவங்க லீவு போட்டு உக்காந்திருப்பாங்க. எங்க கவுன்சிலர் அண்ணன் வால்வு தெறக்கறவர்கிட்ட பேசி, எந்தப் பக்கம் எந்நேரம்னு மொதநாள் ராத்திரியே குரூப்ல போட்டுர்றாருங்க. தள்ளிப் போச்சுன்னா ஏன்னு சேத்துப் போடுவாருங்க, எங்களுக்குத் தண்ணி வர்ற பில்லூர் பக்கம் கரன்ட் இல்லைன்னா அதையுஞ் சொல்லிருவாரு. வேற எந்தத் தகவலும் அவரு போடறதில்லீங்க, அதுவே போதுமுங்க எங்களுக்கு.

வைகைக்கரை:
மதுரையில இருந்து கேக்குறேன். ஏரியா சபைன்னு மேல எழுதியிருக்காங்களே அதுல யார் வேணாலும் போகலாமா, இல்ல கட்சிக்காரங்க மட்டுமா? எங்க தெருவுல லைட்டு ரொம்ப நாளா எரியல, பொம்பளப் பிள்ளைக டியூஷன் முடிச்சு இருட்டுலதான் வருதுக.

தெருமுனை:
அந்த ஏரியாவுல ஓட்டு இருக்கற எல்லாரும் போகலாம், அதுக்குத்தான் அதுக்கு சபைன்னே பேரு. 2022-லதான் தமிழ்நாட்டுல இதுக்கு விதி வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல பம்மல்ல நடந்த ஏரியா சபையில முதல்வர் ஸ்டாலினே வந்து உக்காந்தார். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும். எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல முடியாது, பல பேருக்குத் தகவலே வர்றதில்ல, அதனாலதான் கவுன்சிலர் குரூப்ல தேதியும் இடமும் ஒரு வாரம் முன்னாடியே போடச் சொல்லி நாங்க விடாம கேட்டு வாங்கினோம். உங்க கவுன்சிலர்கிட்ட முதல்ல அதைக் கேளுங்க.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
வைகைக்கரை, போறப்ப வாயால சொல்லாதம்மா. பேப்பர்ல எழுதி ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போ, ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட கையெழுத்து வாங்கிக்கோ. கூட்ட நோட்டுல உன் கோரிக்கையை எழுதறாங்களான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு வா, நோட்டுல ஏறினாத்தான் அடுத்த கூட்டத்துல என்னாச்சுன்னு கேக்க முடியும். தனியாப் போகாதே, டியூஷனுக்குப் போற பிள்ளைங்களோட அம்மாக்கள் நாலு பேரைக் கூட்டிக்கோ. விளக்குக் கம்பத்துல பெயின்ட்ல நம்பர் எழுதியிருக்கும், அதையும் மறக்காம மனுவுல குறிச்சிடு, அது இல்லன்னா லைன்மேன் வேற கம்பத்தைப் பாத்துட்டு எரியுதுன்னு எழுதிட்டுப் போயிடுவார்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்கய்யா. நாளைக்கே பகல்ல போய் நம்பரைக் குறிச்சுட்டு வந்துடுறேன், ஒண்ணு இல்ல, வரிசையா மூணு கம்பம் எரியல.