கான்வர்ஸ் அரட்டையில் ஆள் சேரச் சேர வரிகள் தாமதமாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில், பாக்கெட் ரேடியோ எனும் வானொலிவழித் தரவுப் பரிமாற்றத்துக்கான ஜேநாஸ் மென்பொருளிலுள்ள கான்வர்ஸ் என்ற எழுத்து அரட்டை சர்வரை எங்கள் ஹாம் (அமெச்சூர் வானொலி) குழுவுக்காக இயக்கி வருகிறேன். மூன்று பேர் இருக்கும்வரை அரட்டை தடையின்றி ஓடுகிறது. எட்டுப் பேர் இணைந்துவிட்டால், ஒருவர் தட்டிய வரி கடைசி ஆளைச் சென்றடையப் பத்து நொடிக்கு மேலாகிறது. அலைபரப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தானே கேட்கிறது, பிறகு ஏன் இப்படி?

பதில் 1:
கேட்பது உண்மைதான், ஆனால் பாக்கெட் ரேடியோவில் பயன்படும் ஏஎக்ஸ்.25 நெறிமுறையில் இணைப்பு என்பது இரு நிலையங்களுக்கு இடையிலானது மட்டுமே. ஆகவே சர்வர் ஒரே வரியை ஒவ்வொரு அழைப்புக்குறிக்கும் (நிலையத்தின் அடையாளக் குறி) தனித்தனியாக அனுப்பி, ஒவ்வொருவரிடமும் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை பெற வேண்டியிருக்கிறது. 1200 பாட் என்றால் நொடிக்கு 150 பைட்டு. 70 பைட்டு நீளமுள்ள வரியோடு முகவரி முதலிய 20 பைட்டும் சேர்ந்தால் 0.6 நொடி, டிரான்ஸ்மிட்டர் நிலைப்படுவதற்கான டிஎக்ஸ்டிலே வழக்கமாக 0.3 நொடி, எதிர்முனை ஒப்புகை அனுப்ப, அதன் டிஎக்ஸ்டிலேயும் சேர்த்து, 0.4 நொடிக்குச் சற்று மேல். எழுதியவர் நீங்கலாக ஏழு பேருக்கு இதுவே ஒன்பது நொடியைத் தாண்டிவிடும்.

பதில் 2:
மேற்படி கணக்கு மோதலே நிகழாத நிலைக்கு உரியது. மேட்டுக்கு இருபுறமும் இருக்கும் இருவர் சர்வரைக் கேட்பார்கள், ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள்; அலைவரிசை காலியாக இருப்பதாக எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு ஃபிரேமும் (அனுப்பிய தரவுத் துண்டும்) கெட்டு, மறுமுயற்சிகள் தொடங்கும். என் அனுபவத்தில் மாலை நேரத் தாமதத்தில் பெரும்பங்கு இதனுடையதே.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் இணைப்பே இல்லாத யூஐ ஃபிரேமில் ஒரே முறை அனுப்பிவிடலாமே?

பதில் 1:
அனுப்பலாம், ஆனால் அதற்கு ஒப்புகை கிடையாது. இருப்பிடத்தை அவ்வப்போது அலைபரப்பும் ஏபிஆர்எஸ் முறையில் ஓர் இருப்பிடத் தகவல் தவறினால் அடுத்தது வந்துவிடும். அரட்டையில் தவறிய வரி தவறியதுதான்.

பதில் 3:
ஆட்களைப் பிரிப்பதே சரியான வழி. இரண்டு சர்வர்களைத் தனி அலைவரிசையில் இணைத்தால், அந்த இணைப்பில் ஒரு வரி ஒருமுறைதான் பயணிக்கும். அந்தந்த ஊர்க்காரர்களுக்குப் பங்கிடுவதை அந்தந்த சர்வர் பார்த்துக்கொள்ளும். 1990களில் ஜெர்மனியில் பயனர்களுக்கு 70 சென்டிமீட்டர் அலைநீளப் பட்டையும், முனையங்களுக்கு (பயனர்களை இணைக்கும் நடு நிலையங்களுக்கு) இடையே 23 சென்டிமீட்டர் பட்டையும் எனப் பிரித்து வைத்திருந்தார்கள். உங்களுக்கு 70 சென்டிமீட்டரில் ஒரு 9600 பாட் இணைப்பே போதும். டிஎக்ஸ்டிலேயைக் கருவி தாங்கும் அளவுக்குக் குறைப்பதை இன்றைக்கே செய்து பார்க்கலாம்.