தூணை எடுத்தால் கட்டடம் நிற்குமா? கணினி மாடலை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செந்தூல்_பொறியாளர்:
கோலாலம்பூரில் 16 மாடி காண்டோ ஒன்றுக்குத் தொடர் சரிவுக் கணக்குப் போடுகிறேன். தரைத்தளத்தில் ஒரு தூண் போய்விட்டால் மேலே இருப்பது தாங்குமா, இல்லை மொத்தமும் வரிசையாகச் சரியுமா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸ் சீனியர், "பாரத்தை இரண்டால் பெருக்கி லீனியர் ஸ்டாட்டிக் ஓட்டு, போதும்" என்கிறார். கம்பி இளகுவதையும் நேரத்தையும் பார்க்காத எளிய கணக்கு அது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தூண் சட்டென்று போனால் தாழ்வு இரட்டிப்பாகும் என்பது கம்பி இளகாதவரைதான், அதாவது இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடாதவரைதான் சரி. இளகிய பிறகு அந்த 2 பொருந்தாது. அதனால் ஒவ்வொரு தூணுக்கும் நான்லீனியர் டைம் ஹிஸ்டரி (கம்பி இளகுவதையும் சேர்த்து நொடிநொடியாகப் பார்க்கும் கணக்கு) ஓட்டியே ஆக வேண்டும் என்கிறேன். மூன்று வாரம் ஆகும். ஆகட்டும், குடும்பங்கள் குடியிருக்கப் போகிற வீடு.

ஆயர்_ஈத்தாம்_பெரியவர்:
தம்பி, அக்கறை நல்லது. ஆனால் மூன்று வாரத்தைத் தப்பான இடத்தில் போடுகிறாய்.

நடுத்தூண் போனால் இரண்டு பீமும் சேர்ந்து ஒரே பீம் ஆகிவிடும். நீளம் இரண்டு மடங்கு, வளைவுத் திருப்பம், அதாவது பீமை வளைக்கும் தாக்கம், ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைவிட முக்கியம், அதுவரை தூணின் தலையில் மேல்பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்த பீம் இப்போது அடிப்பக்கம் இழுபடும். அங்கே அடிக்கம்பி இருக்கிறதா?

பழைய போடியம் (அடுக்ககத்தின் அகலமான கீழ்த்தளப் பகுதி) ஒன்றில் பழுதுவேலை பார்த்தபோது தூணை ஒட்டிக் கான்கிரீட்டைக் கொத்தினோம். இரண்டு பக்கத்து அடிக்கம்பியும் தூணுக்குள் கொஞ்சம் நுழைந்து அப்படியே நின்றிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், தாராளமாகப் போனது. பிளானில் ஒரே நீளக் கம்பியாக வரைந்திருந்தது. உன் மாடலும் அதை ஒரே கம்பி என்றுதான் நினைக்கும்.

ரோனன் பாயிண்டை எடுத்துக்கொள். 1968 மே 16, லண்டன், 22 மாடி. 18ஆம் மாடி மூலை வீட்டுச் சமையலறையில் கேஸ் வெடித்து ஒரு சுவர்ப்பலகை வெளியே போனது. அதை நம்பி நின்ற மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சரிந்தது, 4 பேர் இறந்தார்கள். பலகைகளைப் பிடித்துக் கட்டப் போதிய பிணைப்பு இல்லாததுதான் காரணம். அதே டென்மார்க் பலகை முறையில்தான் கோலாலம்பூரின் பெக்கெலிலிங் அடுக்ககங்களும் எழுந்தன. அவற்றை இடித்துவிட்டார்கள். நம் பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்ககம் பிரெஞ்சுப் பலகை முறை, இன்னும் ஆள் இருக்கிறார்கள். கட்டடத்தின் பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுக்கம்பியைப் பற்றி நான் இவ்வளவு கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செந்தூல்_பொறியாளர்:
அண்ணே, அடிக்கம்பி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. "கட்டுக்கம்பி போட்டுவிட்டால் போதும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பீம் கயிறு மாதிரித் தொங்கிப் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் நிறைய திரும்பியாக வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் யூஎஃப்சி விதி 0.20 ரேடியன் (ஏறக்குறைய 11 டிகிரி) திருப்பம் கேட்கிறது. 8 மீட்டர் பீமில் அது 1.6 மீட்டர் தாழ்வு! அவ்வளவு தூரம் அறாமல் வருமென்று காட்ட முடியாவிட்டால் பீமை நம்பாதே, கட்டுக்கம்பியை ஸ்லாபுக்குள் ஓடவிடு என்கிறது அதே விதி.

இன்னொன்று, மூலைத்தூண். கயிற்றுக்கு இரண்டு முனையிலும் பிடிப்பு வேண்டும். மூலைக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான். அங்கே வளைவுப் பலத்தையும் பீமும் தூணும் சேரும் ஜாயிண்டின் விறைப்பையும் மட்டும் நம்பித்தான் கட்டடம் நிற்கிறது. கையால் போட்ட கணக்கு அதைச் சொல்லாது.

பட்டர்வொர்த்_மாணவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் ஆய்வே இதுதான்.

நான்லீனியர் என்று சொன்ன உடனே உண்மை வந்துவிடாது, அண்ணா. நான் முதலில் தூணை 1 விநாடியில் எடுத்தேன். 61 மில்லிமீட்டர் தாழ்ந்தது, சந்தோஷப்பட்டேன். ஆனால் தூணை எடுக்கும் நேரம், மேலே உள்ள பகுதி ஒருமுறை மேலும் கீழும் அதிர ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். 0.02 விநாடிக்கு மாற்றினேன், 108 ஆனது. கட்டடம் ஒன்று, கம்பி ஒன்று, மாறியது ஒரே ஓர் எண்.

"மேலே 15 மாடி இருக்கிறது, எல்லாம் சேர்ந்து தாங்கிக்கொள்ளும்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். எல்லா மாடியிலும் ஒரே பீம், ஒரே பாரம் என்றால் ஒவ்வொன்றும் தன்னைத்தான் தாங்கும். கீழே இருப்பதற்குக் கைகொடுக்க மேலே மிச்சப்பலம் கிடையாது.

ஆயர்_ஈத்தாம்_பெரியவர்:
பாப்பா சொன்னது ரொம்பச் சரி. மூலைக்குத் தம்பி சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், அங்கே கயிறு இல்லை.

ஆனால் எந்தத் தூணை எடுக்கிறாய்? அமெரிக்காவின் ஓக்லஹோமா, 1995 ஏப்ரல் 19, அரசுக் கட்டடத்தின் முன் குண்டு வெடித்து 168 உயிர். அந்தக் கட்டடத்தின் முகப்பில் மேலே 6 மீட்டருக்கு ஒரு தூண், தரையில் 12 மீட்டருக்கு ஒன்று. நடுவில், மேல்தூண்களின் பாரத்தைக் கீழ்த்தூண்களுக்குக் கடத்த மூன்றாம் மாடி டிரான்ஸ்ஃபர் பீம். அடியில் சில தூண்கள் போனதும் அதன்மேல் நின்ற அத்தனையும் வந்தது. நம் காண்டோக்களை நினைத்துப் பார். கீழே கார் நிறுத்த இடம் வேண்டுமென்று போடியத்தில் தூண்களைக் குறைத்து டிரான்ஸ்ஃபர் பீம் போடாத இடம் எத்தனை?

ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தையும் மறக்காதே. 1993 டிசம்பர் 11, உலு கிளாங், 48 பேர். அங்கே போனது ஒரு தூண் இல்லை. மண் சரிந்து வந்து அடித்தளத்தையே தள்ளியது. ஒரு தூணை எடுக்கிற எந்த மாடலும் அதைப் பார்த்திருக்காது. ஐரோப்பியக் கட்டட விதியான யூரோகோட்டில் 15 மாடியைத் தாண்டிய குடியிருப்புக்குத் தனியாக ஆபத்து ஆய்வு கேட்பது இதற்காகத்தான். உன்னுடையது 16. அதைச் செய்தாயா?

செந்தூல்_பொறியாளர்:
இல்லை அண்ணே. வெளிவரிசைத் தூண்களை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி டிரான்ஸ்ஃபர் பீமுக்கு அடியில் உள்ள தூணை எடுத்து ஓட்டினேன். 0.4 விநாடிக்குள் பீம் இளகியது, அதற்குமேல் கணக்கே நகரவில்லை. பிறகு கம்பிப் பிளானை விரித்துப் பார்த்தேன். அடிக்கம்பியின் லேப் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இணைப்பு) சரியாகத் தூணின் முகத்திலேயே விழுகிறது. சீனியர் போடச் சொன்ன கணக்கில் இது எங்கேயும் தெரிந்திருக்காது.

ஆயர்_ஈத்தாம்_பெரியவர்:
பிளானை விரித்தால் மாடல் இல்லாமலே தெரிந்திருக்கும் என்பேன், அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. அந்த ஜாயிண்டின் படத்தை அனுப்பு தம்பி. கம்பி கட்ட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?