மாடி அறையில் எடைப்பயிற்சி: முதலில் எதை வாங்குவது?

கேள்வி – முத்துநகர் வாசி

நண்பர்களுக்கு வணக்கம். தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு இருக்கிறது. முதல் மாடியில் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஓர் அறை காலியாக இருப்பதால், நானும் என் மனைவியும் எடைப்பயிற்சி செய்யத் தேவையானவற்றை அதிலேயே வாங்கிப் போடலாம் என்று இருக்கிறோம். நான் ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் (எடை மாட்டிய ராட்டைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து ராட்டை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (ராட்டைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) ஆகிய மூன்றையும் முறையாகக் கற்றவன். மனைவி இப்போதுதான் தொடங்கப் போகிறார். 40,000 ரூபாய் வரை செலவிட முடியும்.

பெஞ்ச், ராடு, பிளேட்டுகள், டம்பெல், கையுறை, ஸ்கிப்பிங் கயிறு எல்லாவற்றையும் சேர்த்து 'ஹோம் ஜிம் செட்' என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். அதை வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா? மாடித் தளம் இவ்வளவு எடையைத் தாங்குமா? ஜன்னல் கம்பி முதல் கேட் வரை எல்லாமே துருப்பிடிக்கிற ஊர் இது என்பதால், இரும்பைக் காப்பாற்றும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – கோவைப் பயிற்சியாளர்

வணக்கம். ராட்டைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். பிளேட்டின் துளையும், ராட்டைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் அகலமும் அதைப் பொறுத்தே அமையும். நம் கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, முனை வரை ஒரே கனத்தில் இருக்கும் சாதாரண ராடு. மற்றது, பிளேட் மாட்டும் முனைகள் 50 மி.மீ. தடிமனாகவும் தனியே சுழலும்படியும் அமைந்த ஒலிம்பிக் ராடு. ஆண்கள் போட்டிக்கான அளவு என்றால் அது 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் இருக்கும். ஒன்றுக்கு வாங்கிய பிளேட் மற்றொன்றில் சரியாகப் பொருந்தாது. எனவே சிறிய துளை பிளேட்டுகளை இன்று வாங்கிவிட்டு, ஓராண்டு கழித்து எடை போதவில்லை என்று ராட்டை மாற்றினால், பிளேட்டுகள் அத்தனையையும் மாற்ற நேரிடும்.

செட்டாக விற்பதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வருவது பெரும்பாலும் 3 அடி வளைந்த ராடும் 5 அடி நேர் ராடும்தான். ரேக்கின் தூண்கள் ஏறத்தாழ 4 அடி இடைவெளியில் நிற்கும். 7 அடி ஒலிம்பிக் ராட்டில், பிளேட்டுகள் உள்ளே நகராமல் தடுக்கும் இரு நிறுத்தங்களுக்கு நடுவே 131 செ.மீ. இருப்பதால் அது தூண்களைத் தாண்டி அழகாக உட்காரும், 5 அடி ராடு உட்காராது. பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பிய பிளேட்டுகள் வேறு தடிமனாக இருக்கும். ஸ்குவாட்டுக்குத் தேவையான எடையை ஏற்றுவதற்கு முன்பே ராட்டின் முனை நிறைந்துவிடும்.

உங்கள் பணத்தில் பெரும்பங்கு ரேக்குக்குப் போகட்டும். ஜிம்மில் ராட்டைத் தூக்க முடியாமல் போனால் பின்னால் நிற்பவர் கை கொடுப்பார். வீட்டில் அந்த வேலையை ரேக்கின் இரண்டு பாதுகாப்புக் கம்பிகள்தான் செய்ய வேண்டும். ஆளில்லாத அறையில் ராடு கழுத்தின் மேல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். அந்தக் கம்பிகளின் உயரத்தை வெற்று ராட்டை வைத்துச் சரிபாருங்கள். நெஞ்சை நிமிர்த்திப் படுத்திருக்கும்போது ராடு நெஞ்சைத் தொட வேண்டும். மூச்சை விட்டு முதுகைத் தளர்த்தியதும் அதே ராடு உங்களை விட்டுவிட்டுக் கம்பிகளின் மேல் அமர வேண்டும். துளைகள் நெருக்கமாக உள்ள ரேக்கில்தான் இவ்வளவு நுட்பமாகப் பொருத்த முடியும். துளைகளின் இடைவெளியைக் கேட்காமல் ரேக் வாங்காதீர்கள்.

பெஞ்ச், சாய்வு மாற்ற முடியாத சாதாரணத் தட்டை பெஞ்சாகவே இருக்கலாம். ஆடாமல் இருந்தால் போதும்.

மறுமொழி – கட்டுமானப் பொறியாளர்

தளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதியின்படி, குடியிருப்பு அறைகளின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. உங்கள் அறையின் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். ரேக், ராடு, பிளேட்டுகள், பெஞ்ச், நீங்கள் இருவர் எல்லாம் சேர்ந்து 400 கிலோவுக்குள் அடங்கும் என்றால், முறையாகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு அது கவலைப்படும் அளவு அன்று. ஆனால் மர விட்டம் போட்டுச் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்த பிறகே இறங்குங்கள்.

வைக்கும் எடையைவிட விழும் எடைதான் தளத்துக்குச் சோதனை. மாடியில் டெட்லிஃப்டைக் கை விட்டுப் போடும் வழக்கம் கூடாது. தூக்கிய வேகத்திலேயே கட்டுப்பாட்டுடன் இறக்குங்கள். ரேக்கைச் சுவரோரமாக, முடிந்தால் பீம் போகும் பக்கமாக நிறுத்துங்கள். டைல்ஸ் பதித்த தரை என்றால் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள்; உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிப்பவைதாம் முதலில் உடையும். டெட்லிஃப்ட் செய்யும் இடத்தில் தடித்த பிளைவுட் பலகைகளை இரண்டடுக்காகப் பரப்பி, பிளேட்டுகள் இறங்கும் இருபுறமும் கெட்டியான ரப்பர் விரிப்பைப் போட்டால் சுமை பரவும். கீழ்வீட்டாருக்கும் சத்தம் குறையும்.

இன்னொன்று: 7 அடி ராட்டை அறையின் 10 அடிப் பக்கத்துக்கு இணையாக வைத்தால் இருபுறமும் ஒன்றரை அடிகூட மிஞ்சாது. 12 அடிப் பக்கத்துக்கு இணையாக வைத்தால் பிளேட் மாட்ட நிம்மதியாக நிற்கலாம்.

மறுமொழி – நாகை வாசகி

அண்ணா, அண்ணியின் தேவையை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவருக்குத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில் வெறும் 20 கிலோ ராடே கனமாக இருக்கலாம். பெண்களுக்கான ஒலிம்பிக் ராடு 15 கிலோ. பிடிக்கும் பகுதி 25 மி.மீ. என்பதால் சிறிய கைக்கும் அடங்கும், முனை அதே 50 மி.மீ. என்பதால் உங்கள் பிளேட்டுகளே பொருந்தும். இப்போது இரண்டு ராடு வாங்க முடியாவிட்டால், எடை கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்லோடு அவர் தொடங்கட்டும். 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடி கட்டாயம் வாங்குங்கள். 20 கிலோவிலிருந்து ஒரேயடியாக 25 கிலோவுக்குத் தாவுவது கால்பங்கு ஏற்றம். தோளுக்கு அது மிக அதிகம்.

எங்கள் ஊரிலும் உப்புக் காற்றுதான். கறுப்புப் பூச்சு மட்டும் உள்ள ராடு கடலோரத்துக்கு ஆகாது; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிறந்தது, விலை எட்டாவிட்டால் நல்ல குரோம் பூச்சு. பயிற்சி முடிந்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் சொரசொரப்பான பகுதியைத் தேய்த்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை இரண்டு மூன்று சொட்டு விட்டு மெல்லியதாகத் தடவித் துடையுங்கள். பிளேட்டுகளை வெறுந்தரையில் அடுக்காமல் ஸ்டாண்டில் மாட்டுங்கள். கடல் பக்க ஜன்னலை இரவில் சாத்திவிடுங்கள்.

முத்துநகர் வாசி

அனைவருக்கும் நன்றி. கான்கிரீட் தளம்தான், பதினைந்து ஆண்டுக் கட்டடம். ரேக், ஒலிம்பிக் ராடு, தட்டை பெஞ்ச், விரிப்பு ஆகியவற்றைப் புதிதாக வாங்கினால் பிளேட்டுகளுக்குப் பணம் போதாது போலிருக்கிறது. மூடப்பட்ட ஒரு ஜிம்மின் பழைய இரும்புப் பிளேட்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. வாங்கலாமா?

கோவைப் பயிற்சியாளர்

தாராளமாக வாங்கலாம்; விரிசல் இல்லாத வார்ப்பிரும்புக்கு வயது ஒரு குறையே அல்ல. போகும்போது ஒரு டிஜிட்டல் தராசும் அளவுகோலும் கொண்டு போங்கள். துளை 50 மி.மீ. ராடு நுழையும் அளவுதானா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நிறுத்து, உண்மையான எடையைச் சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுதுங்கள். 20 என்று பொறித்தது 19 கிலோவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு இணையாக இன்னொரு 19 கிடைத்தால் போதும். ராட்டின் இருபுறமும் சமமாக இருப்பதுதான் முக்கியம். மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் எனாமல் பூசிவிடலாம். வளைந்த ராடு, வெல்டிங் விட்ட ரேக் ஆகியவற்றை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.