உதவி: சாதாரண சனல் பார்க்க 32ஆ 43ஆ? (திருகோணமலை)

சாம்பல்தீவான்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். வீட்டுப் பழைய 21 இஞ்சிப் பெட்டி ரீவி போய்விட்டது. டியூப் கிடைக்காது என்று திருத்துகிறவர் கையை விரித்துவிட்டார். நாளைக்குப் பின்னேரம் டவுனில் புதுசு எடுக்க வேணும். கடைக்காரர் 43 இஞ்சி 4கே எடுங்கோ, கிளியராக இருக்கும் என்கிறார். ஆனால் பெரியம்மா வீட்டு 4கேயில் நாங்கள் பார்க்கிற சனல்களைப் போட்டால் ஆட்களின் முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கிறது. எது எடுக்கலாம்?

கிண்ணியா நானா:
தம்பி, டிஷ்ஷா, கேபிளா, கூரை அன்ரனாவா? எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறீங்கள்? வேறு என்ன பார்ப்பீங்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்க்கிறது?

கடலோரக் காகம்:
ரீவியில் பிழை இல்லை. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. டிஷ்ஷின் முன்னால் நிற்கிற, சிக்னல் பிடிக்கிற எல்என்பியில் வயர் பூட்டுகிற இடம் பச்சை பிடித்திருக்கும். கழற்றித் துடைக்கச் சொல்லுங்கோ.

உவர்மலை அக்கா:
காகம், எந்த வீட்டில் எது நடந்தாலும் உங்களுக்கு எல்என்பிதான். டிஷ் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், நின்று நின்று வரும். மார்கழி மழைக்கு எல்லாரும் பார்க்கிறதுதானே. முகம் மெழுகாகாது.

கடலோரக் காகம்:
அவர் டிஷ் என்று சொல்லவே இல்லையே. அன்ரனா என்றால்?

உவர்மலை அக்கா:
அன்ரனா என்றால் எல்என்பியே இல்லை.

அலைவரிசை:
இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. சரி, கடைசித் தரம் சொல்கிறேன். சாதாரண சனலின் படம் 720க்கு 576, மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். அதாவது வருகிற ஒரு புள்ளியை வைத்து ரீவி 20 புள்ளியை நிரப்ப வேண்டும், 19ஐ ஊகித்துத்தான் போடுகிறது. முழு எச்டியில் ஒன்றுக்கு 5. 32 இஞ்சியில் வழக்கமாக வருகிற 1366க்கு 768 திரையில் ஒன்றுக்கு இரண்டரை. கணக்குத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உவர்மலை அக்கா:
கணக்குச் சரி, முடிவு பிழை. புள்ளி கூடினதால் படம் கெடாது. பெருப்பிக்கிற சிப் நல்லதென்றால் 43 இஞ்சி 4கேயும் 43 இஞ்சி முழு எச்டியும் இந்தச் சனல்களில் கிட்டத்தட்ட ஒன்றுதான். குறையைக் காட்டிக் கொடுக்கிறது திரையின் அளவும் நாங்கள் இருக்கிற தூரமும். 576 வரிப் படத்தில் கண்ணுக்கு வரி வரியாகத் தெரியாமல் இருக்க, படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி இருக்க வேணும். 32 இஞ்சியின் உயரம் 40 சென்ரிமீற்றர், ஆகவே 8 அடி. 43க்குப் பத்தரை அடி. 55க்குப் பதின்மூன்றரை. எங்கட வீடுகளின் ஹோலில் 55ஐ மாட்டினால் கதிரையை முற்றத்தில்தான் போட வேண்டிவரும். பழைய 21இல் படமே ஒரு அடி உயரம்தான், அதனால்தான் அதில் குறை தெரியவில்லை.

மூதூர் வாசி:
இப்போதைக்கு ஒருத்தரும் ரீவியே வாங்காதீங்கோ. தரைவழி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறப்போகுது, ரீவிக்குள் சனல் பிடிக்கிற ட்யூனர் வீணாகிவிடும்.

கிண்ணியா நானா:
ஜப்பான் முறைதான், ஐஎஸ்டிபி-டிதான் என்று 2014இல் அரசாங்கம் சொன்ன நேரம் என் மகள் முதலாம் வகுப்பு. இப்போது அவள்தான் எனக்கு ரிமோட் பிடிக்கச் சொல்லித் தருகிறாள்.

மூதூர் வாசி:
அதுக்காக? டிவிபி-டி2 என்று, அதாவது ஐரோப்பிய முறை போட்டிருக்கிற ரீவியை வாங்கினால் அந்த ட்யூனர் ஜப்பான் முறைக்கு உதவாதே.

அலைவரிசை:
வெளியில் ஒரு டிஜிட்டல் பெட்டி பூட்டினால் முடிந்தது. ட்யூனர் பார்த்து ரீவி வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது.

மூதூர் வாசி:
பெட்டிக்குக் காசு நீங்கள் தருவீங்களோ?

அலைவரிசை:
ரீவி வாங்கக் காசிருக்கிறவரிடம் பெட்டிக்கும் இருக்கும்.

கிண்ணியா நானா:
சண்டையை விடுங்கோ. கேட்ட தம்பியைக் காணோம்.

சாம்பல்தீவான்:
குறை நினைக்காதீங்கோ, வேலையில் நின்றேன். டிஷ்தான். டிஷ் பெட்டி பழசு, எச்டி இல்லை. சுவரில் இருந்து கதிரைக்கு 8 அடி வரும். அம்மாவுக்குச் செய்தி, சீரியல். தம்பிக்குக் கிரிக்கெட். யூடியூப் எல்லாம் போனில்தான்.

உவர்மலை அக்கா:
இதை முதலே எழுதியிருந்தால் இத்தனை பேர் அடிபட்டிருக்கத் தேவையில்லை. 32 எடுங்கோ. கடையில் பளிச்சென்று தெரியவென்று படத்தை டைனமிக்கில் விட்டிருப்பார்கள், வீட்டில் ஸ்ராண்டர்ட்டுக்கு மாற்றுங்கோ. ஷார்ப்னஸ்ஸை நன்றாகக் குறையுங்கோ. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது அதுதான், கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்தாலே விளங்கும். பழைய 4:3 நிகழ்ச்சிகளை இழுத்து நிரப்ப வேண்டாம். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தாலும் நடுவில் 26 இஞ்சிப் படம் நிற்கும், உங்கட பழையதை விடப் பெரிசு.

கிண்ணியா நானா:
இன்னொன்று. கடையில் ஓடுவது 4கே டெமோ, அதைப் பார்த்து மயங்காதீங்கோ. டிஷ் சனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிறகு, உங்கட டிஷ் பெட்டி மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தானே? புது ரீவி சிலதில் அந்த மூன்று ஓட்டையும் இல்லை, ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான். அதற்கான வயர் ரீவி வருகிற பெட்டிக்குள் இருக்கா என்று பாருங்கோ.

சாம்பல்தீவான்:
32 எடுத்தாச்சு. நானா சொன்ன ஓட்டைதான், வயர் உள்ளே இல்லை. பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினேன். படமே இல்லை, ஸ்பீக்கர் இரைகிறது. ரீவி பழுதா?

கிண்ணியா நானா:
பழுதில்லை. அந்தச் சின்ன முனை வயர்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் வருவதில்லை, உங்களுக்குப் படம் சத்தத்தின் வழியால் போகிறது. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் குத்துங்கோ. அதற்கும் வராவிட்டால் அந்த ரீவிக்கென்று வருகிற வயரைத்தான் தேட வேணும்.

சாம்பல்தீவான்:
மாற்றிக் குத்தினேன், வந்திட்டு! ஷார்ப்னஸ்ஸும் குறைத்தாச்சு, நல்ல வடிவாக இருக்கிறது. கறுப்புப் பட்டைக்குத்தான் அம்மா சம்மதிக்கவில்லை, இழுத்துத்தான் விட்டிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

அலைவரிசை:
இழுத்து விட்டால் எல்லாரும் குண்டாகத்தான் தெரிவார்கள்.

உவர்மலை அக்கா:
அவ பார்க்கிற ரீவி, அவ விருப்பம்.