குத்துச்சண்டை வெற்றி தோல்விகளை எப்படி எடைபோடுவது? உதவுங்கள்

நண்பர்களே, ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிட ஒரு அட்டவணை தயாரிக்கிறேன். மொத்த வெற்றிகளை விட்டுவிட்டு, தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தவர்களோடு மோதியதை மட்டும் எண்ணுகிறேன். பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜோ ஃப்ரேசியரைப் பாருங்கள். 37 போட்டிகளில் 4 தோல்விகள். அந்த நான்கும் இரண்டே பேரிடம்: முகமது அலியிடம் இரண்டு, ஜார்ஜ் ஃபோர்மனிடம் இரண்டு. இதையும் ஊர்பேர் தெரியாத ஒருவரிடம் வாங்கிய தோல்வியையும் ஒரே கட்டத்தில் போட எனக்குக் கை வரவில்லை. மறுபக்கம் ராக்கி மார்சியானோ, 49-0, அதாவது 49 வெற்றி, தோல்வியே இல்லை. அவர் 1951இல் முன்னாள் உலக சாம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. பெயர் பெரியதுதான், கால்கள் ஓய்ந்துவிட்டன. அதற்கு முழு மதிப்பெண் தரலாமா? (மார்சியானோ ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.)

எதிராளியின் தரவரிசையைப் போட்டி நடந்த நாளில் இருந்தபடி எடுப்பதா, பிற்பாடு அவர் எட்டிய உயரத்தை வைத்தா? முதல் இடத்துக்காரருக்கும் பத்தாம் இடத்துக்காரருக்கும் எவ்வளவு வித்தியாசம் வைக்கலாம்? இப்போது டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு குத்துச்சண்டை அமைப்புகள், ஆளுக்கொரு தரவரிசைப் பட்டியல், எதை நம்புவது? நான் 'தி ரிங்' என்ற குத்துச்சண்டை இதழின் பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதன் பழைய மாதாந்தரப் பட்டியல்கள், குறிப்பாக 1950களுடையவை, யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.