813 டிரான்ஸ்மிட்டர் வால்வு: எச்.டி. (உயர் வோல்ட்டேஜ்) கொடுத்ததும் உள்ளே மின்னுகிறது, வால்வைக் காப்பாற்ற வழி?

சோல்டர்கை:
ஹாம் ரேடியோ ஓஎம்களே (நண்பர்களே), இரண்டு 813 போட்டு, சிக்னலைப் பெருக்கும் கிரவுண்டட் கிரிட் லீனியர் கட்டியிருக்கிறேன். எச்.டி. 2200 வோல்ட். வால்வு இரண்டும் பழைய ராணுவச் சரக்கு. எச்.டி. கொடுத்ததும் ஒன்றுக்குள் 'படக்'கென்று நீல வெளிச்சம். பிளேட் மீட்டர் முள் வளைந்துபோச்சு, எச்.டி. லைனில் இருந்த கண்ணாடி ஃபியூஸும் காலி. இன்னொரு ஜோடிக்கு எங்கே போவேன்?

நாற்பதுமீட்டர்:
வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஃபிலமென்ட் மட்டும் எரியட்டும். அப்புறம் டிரைவ் (உள்ளே போகும் சிக்னல்) கொடுக்காமல், வேரியாக் (வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து எச்.டி.யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பழையவால்வு:
அதோடு, எச்.டி. பாசிட்டிவில் தொடராக 50 ஓம், 25 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஃபில்டர் கபாசிட்டரில் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் வால்வுக்குள் இறங்கும். இருந்தால் 2200 வோல்ட்டிலும் 44 ஆம்பியரைத் தாண்டாது. கண்ணாடி ஃபியூஸை நம்பாதீர்கள். இந்த வோல்ட்டேஜில் கம்பி உருகினாலும் உள்ளே ஆர்க் (மின்பொறி) ஓடிக்கொண்டே இருக்கும். எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (மெயின்ஸ் பக்கம்) ஃபியூஸ் போடுங்கள். மீட்டரைக் காப்பாற்ற, அதன் ஷண்டுக்கு (இணை ரெசிஸ்டருக்கு) குறுக்கே 1என்5408 டயோடு இரண்டு, எதிரெதிராக.

இன்னொன்று: எச்.டி. இல்லாத நேரத்தில் டிரைவ் போனால் கிரிட் (வால்வுக்குள் இருக்கும் கம்பி வலை) பழுக்கக் காய்ந்துவிடும். எச்.டி. வந்தால்தான் கீயிங் ரிலே (டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் ரிலே) இழுக்க வேண்டும்.

ஃபிலமென்ட் வோல்ட்டேஜை சாக்கெட் பின்னிலேயே அளந்தீர்களா? ராத்திரியில் அளந்து சொல்லுங்கள்.

சோல்டர்கை:
பதினொரு மணிக்கு 10.8. அப்போது மெயின்ஸ் 250. பகலில் 230தான், சரியாக 10 வோல்ட்.

பழையவால்வு:
நினைத்தேன். 813க்கு 9.5 முதல் 10.5 வரைதான். ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு வால்வும் சேர்ந்து அங்கே அரை ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கும். பத்து வோல்ட் குறையும். ராத்திரி 10.4, பகலில் 9.6. குளிர்ந்த ஃபிலமென்ட் முதலில் இழுக்கும் இழுப்பும் தணியும்.

சோல்டர்கை:
22 ஓம் கைவசம் இருக்கிறது. 50 ஓமுக்குப் பதில் இரண்டு 25 தொடராகப் போடலாமா?

பழையவால்வு:
தாராளமாக. குட்டையான ரெசிஸ்டரில் ஆர்க் மேலாகவே தாவிவிடும், அதனால் நீளம் கூடினால் நல்லதுதான். சேசிஸைத் தொடாமல் செராமிக் தாங்கியில் நிறுத்துங்கள். உள்ளே கை வைக்கும் முன் கபாசிட்டர் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், ஓஎம். 73 (வாழ்த்துகள்).